ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று வரி

குளிர்பதனக் கிடங்கில் அவருக்குத் தெர்மாமீட்டர் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகு திரும்பியதும் கூப்பிடாதவர்களும் இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும். கிடங்கில் எட்டு அறைகள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று. பஞ்சு வைத்துத் தைத்த கோட்டை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் அறைக்குள்ளும் போவார். சுவரில் இருக்கும் வெப்பமானிக்கு நேரே கண்ணை வைத்துப் பார்ப்பார். வெளியே வந்து பதிவேட்டில் எழுதுவார். இருபத்தாறு வருடமாக இதுதான் வேலை. பார்க்காத ஓர் எண்ணை இன்றுவரை எழுதியதில்லை என்பதுதான் அவருக்கு இதில் உள்ள பெருமை. அதெல்லாம் ஒரு பெருமையா என்று நீங்கள் கேட்கலாம். அவர் மனைவியும் கேட்டிருக்கிறாள்.

நாலு வருடம் முன்பு அவரோடு முறை மாற்றி வேலை பார்த்த ஆள் ஒருவன் இருந்தான். தலைமுடியைப் பார்த்து எல்லோரும் சுருட்டை என்பார்கள். சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். அவனுக்கு ஏழாம் அறைக்குப் போவதென்றால் சோம்பல். அது உருளைக்கிழங்கு அறை. வருடம் முழுக்க நாலு டிகிரி, இம்மி ஏறாது, இம்மி இறங்காது. ஒரு புதன்கிழமை தெர்மாமீட்டர் பதிவேட்டைத் திறந்தால், வியாழக்கிழமைக் கட்டங்களிலும் நாலு, நாலு, நாலு என்று எழுதியிருந்தது. பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு நேரே மேலாளரிடம் போய்விட்டார். மறுநாள் அந்த அறை சரியாக நாலு டிகிரிதான் இருந்தது. ஒரு கிழங்குகூட அழுகவில்லை. சுருட்டைக்கு மட்டும் வேலை போனது.

அதற்காக யாரும் அவரோடு சண்டை போடவில்லை, முறைக்கக்கூட இல்லை. சாப்பாட்டு அறையில் அவர் டப்பாவைத் திறக்கும் நேரம் பார்த்து பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சாப்பிட்டு முடிந்துவிடும், அவ்வளவுதான். நாலு வருடமாக அப்படித்தான் முடிகிறது.

வீட்டிலும் பேச ஆள் இல்லை. மகளுக்குப் பிரசவம், மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று வேறு ஊருக்குப் போன மனைவி பத்தொன்பது மாதமாக அங்கேதான் இருக்கிறாள். குழந்தை குப்புற விழட்டும் என்றார்கள், விழுந்தது. நடக்கட்டும் என்றார்கள், நடந்தது. இப்போது ஓடுகிறது. கோபித்துக்கொண்டு போனவள் இல்லை என்பதால் சமாதானம் பேசவும் வழியில்லை. எப்போது வருகிறாய் என்று இவர் கேட்கவில்லை. நான் வரட்டுமா என்று அவளும் கேட்கவில்லை. பெட்டியில் பாதி சேலைகள் இங்கேயே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் போன் செய்வாள். இவர் பதிவேடு வாசிப்பதுபோல வாசிப்பார். குளியலறைக் குழாய் சரி பண்ணியாயிற்று. ரத்த அழுத்த மாத்திரை வாங்கியாயிற்று. மழை இல்லை. அவள் ஏதாவது கேட்டால் "உன் இஷ்டம்" என்பார். அவர் அதை மரியாதை என்று நினைத்துத்தான் சொன்னார். ஏழு நிமிடத்தில் போன் வைக்கப்படும். பிறகு அடுத்த ஞாயிறு வரை அந்த வீட்டில் மனிதக் குரல் என்று எதுவும் கேட்காது, டிவியில் செய்தி படிப்பவரைத் தவிர.

குளிர் அறையின் கதவைச் சாத்துவதற்கு முன்னால் உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கவேண்டும் என்பது கிடங்கில் சட்டம். மூட்டைகளுக்குப் பின்னால் யாராவது நின்றால் உள்ளேயே மாட்டிக்கொள்ளக் கூடாது அல்லவா. ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பி வீட்டுக் கதவை இழுத்துச் சாத்தும்போது, கை பழக்கத்தில் கதவைப் பிடிக்க, வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

கேட்டுவிட்டு, சட்டப்படி ஐந்து விநாடி காத்திருந்தார். அந்த ஐந்து விநாடிக்குப் பிறகுதான் என்ன செய்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. அன்று பஸ்ஸைத் தவறவிட்டார். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக எட்டு மணிச் சுற்று எட்டே காலுக்கு நடந்தது.

அந்த மாதமே ரத்த அழுத்தமும் எகிறியது. கிடங்கின் மருத்துவர் கையில் பட்டையைச் சுற்றியபடி, "வீட்ல பேசறதுக்கு யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்காங்க. வேற ஊர்ல."

மருத்துவர் உடனே, புதன்கிழமைதோறும் அங்கே வரும் மனநல ஆலோசகரிடம் சீட்டு எழுதி அனுப்பினார்.

ஆலோசகர் முப்பது வயதுப் பெண். அவர் ஒரு நோட்டைக் கொடுத்தார். தினமும் சாயங்காலம் அன்றைக்கு நடந்த நல்லது மூன்று எழுதவேண்டும், ஒவ்வொன்றுக்கும் எதிரே அது ஏன் நடந்தது என்று காரணமும் எழுதவேண்டும். இப்படியே எழுதி வந்தால் மனசு நல்லதைத் தேடப் பழகிக்கொள்ளும் என்றார். தெர்மாமீட்டர் தலையாட்டினார். நோட்டும் கட்டமும் அவருக்குப் புதிதா என்ன.

அடுத்த புதன்கிழமை நோட்டைப் பிரித்த ஆலோசகருக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஏழு நாளுக்கும் ஒரே மாதிரி எழுதியிருந்தது. நல்லது: இல்லை. காரணம்: இல்லை.

"ஒண்ணுகூடவா சார் இல்ல?"

"பாத்தேன் மேடம். கெடைக்கல."

"எப்பப் பாத்தீங்க?"

"சாயங்காலம். எழுத உக்காரும்போது."

"கிடங்குல எப்படிப் பாப்பீங்க?"

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ."

"அதே மாதிரி இதையும் சுத்திப் பாருங்களேன்."

அது அவருக்குப் புரிகிற பாஷை. காலை எட்டு, மதியம் ஒன்று, மாலை ஆறு என்று மூன்று சுற்று வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நல்லதைத் தேடினார். கிடைக்கத்தான் செய்தது. பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை, காரணம்: பள்ளிக்கூடம் விடுமுறை. மூன்றாம் அறையில் ஆப்பிள் வாசனை, காரணம்: ஆப்பிள். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு குழந்தை கையசைத்தது, காரணம்: என்னை வேறு யாரோ என்று நினைத்திருக்கலாம்.

ஆலோசகர் ஆப்பிளுக்குச் சிரித்தார். குழந்தைக்குச் சிரிக்கவில்லை. ஆனாலும் நோட்டை மூடும்போது, "நல்லாப் பண்றீங்க சார்" என்றார். தெர்மாமீட்டரை யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் போட்டால் எனக்கே வயிறு எரிகிறது. அன்று சாயங்காலம் அந்த வார்த்தையையும் நோட்டில் எழுதிவைத்தார். காரணம் என்ற இடத்தில், 'அது அவர் வேலை' என்று எழுதினார். நோட்டு தன்பாட்டுக்கு நிறைந்தது. மனுஷன் என்னவோ அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

இப்படி இரண்டு மாதம் போனது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் குரலில் ஏதோ ஒரு துள்ளல் இருந்தது.

"ஏங்க, பேரன விடற காப்பகம் இருக்குல்ல, அங்க என்னை வேலைக்குக் கேக்கறாங்க. முழுநேர வேலை. இத்தன நாளா சும்மா போய் ஒத்தாசை பண்ணிட்டிருந்தேன்ல, பிள்ளைங்க எல்லாம் பெரியம்மா பெரியம்மான்னு ஒட்டிக்கிச்சுங்க. என் பேரு, போட்டோ எல்லாம் போட்டு கழுத்துல மாட்டிக்க அட்டை குடுப்பாங்களாம்."

"நல்லதுதான."

"நல்லதுதான். ஆனா சேந்துட்டா நடுவுல விட்டுட்டு வர முடியாது. அடுத்த வாரத்துக்குள்ள சொல்லணும். நீங்க என்ன சொல்றீங்க?"

உன் இஷ்டம் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எப்படியோ விழுங்கிவிட்டார். "யோசிச்சு ஞாயித்துக்கிழம சொல்றேன்" என்றார்.

"சரி" என்றாள் அவள். அதில் அந்தத் துள்ளல் இல்லை.

புதன்கிழமை ஆலோசகரிடம் இதைச் சொன்னார். சொல்லும்போது நோட்டின் மூலையைச் சுருட்டிச் சுருட்டி விரித்தார். ஆலோசகர் முழுக்கக் கேட்டுவிட்டு, "இன்னொரு பயிற்சி இருக்கு சார்" என்றார். "வரப்போற ஞாயித்துக்கிழமைக்கு இப்பவே எழுதுங்க. அந்த நாள் நல்லபடியா முடிஞ்சிருச்சுன்னு வெச்சுக்கிட்டு, நடந்து முடிஞ்ச மாதிரியே மூணு வரி."

தெர்மாமீட்டர் நோட்டை மேசைமேல் வைத்துவிட்டார்.

"வராத தேதிக்கு நான் எழுதறதில்ல மேடம்."

"இது பதிவேடு இல்ல சார்."

"கட்டம் போட்டிருக்கு. தேதி போட்டிருக்கு. அப்ப பதிவேடுதான். இதுக்காக ஒருத்தன் வேலையவே போக்கியிருக்கேன் நான்."

சுருட்டை கதையை அவர் வெளியாள் ஒருவரிடம் சொன்னது அன்றுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும் ஆலோசகர் அவர் செய்தது சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழம என்ன நடக்கணும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் சுற்றுப் போகிற இடமெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. அவளுக்கு அங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள், கழுத்தில் அட்டை இருக்கிறது, பெரியம்மா என்று ஒரு பட்டமும் இருக்கிறது. இங்கே என்ன இருக்கிறது. ஏழு நிமிடம் பேசுகிற ஒரு மனுஷனும் பாதிப் பெட்டி சேலையும். வா என்று கூப்பிடுவது சுயநலம் என்று நாலாம் அறையில் நினைத்தார். கூப்பிடாமல் இருந்தால் அவள் ஒரேயடியாக அங்கேயே தங்கிவிடுவாள் என்று ஐந்தாம் அறையில் நினைத்தார். அந்த நினைப்பு வந்ததும், அந்த அறையின் வெப்பமானியை அவர் இரண்டு தடவை பார்க்கவேண்டியிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் நோட்டோடு உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைத் தேதியை எழுதும்போது, திருட்டு வேலை செய்கிறவர்போல வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். முதல் வரி சுலபமாக வந்தது. அவள் போன் செய்தாள், காரணம்: ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவது வரிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நீ இல்லாமல் என்னால் முடியவில்லை என்று அவளிடம் சொன்னேன். காரணம்: முடியவில்லை. எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைத்தான் இத்தனை நாளும் சொல்லாமல் இருந்தோமா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாவது வரி, வருகிறேன் என்றாள். எழுதிவிட்டார். அதற்குக் காரணம் எழுதவேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. அவள் ஏன் வரவேண்டும்? முப்பத்தொரு வருடத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவளை அவர் அடித்ததில்லை, வைததில்லை, ஒரு பொய் சொன்னதில்லை. ஆனால் இதெல்லாம் செய்யாதவை. செய்தது என்று காட்ட ஒன்றாவது வேண்டாமா. இருட்டும்வரை உட்கார்ந்திருந்தும் அந்த இடத்தை நிரப்ப முடியாமல், வெறுமனே விட்டுவிட்டு எழுந்தார்.

மறுநாள் பத்து மணிக்குப் போன் வந்தது. குழாய், மாத்திரை, மழை எல்லாம் அதனதன் இடத்தில் சொல்லி முடித்தார். அவள், "அந்த வேலை விஷயமா..." என்று ஆரம்பித்தாள்.

"இரு. நான் ஒண்ணு சொல்லிடறேன்."

நோட்டைப் பிரித்து, முதல் சுற்று எண்களை மேலாளருக்கு வாசிக்கிற அதே குரலில் வாசித்தார். "நீ இல்லாமல் என்னால் முடியவில்லை."

"என்னங்க, எதையோ பாத்துப் படிக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

"எழுதி வெச்சிருக்கேன்."

"எப்ப எழுதினீங்க?"

"நேத்து."

"இன்னிக்கிப் பேசப்போறத நேத்தே எழுதினீங்களா? நீங்களா?"

"ஆமா."

அவள் சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த மாதிரி, மூச்சு வாங்கச் சிரித்தாள். அவருக்கும் உதடு விரிந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் வேறு ஏதோ சத்தம் கேட்டது. அவள் அழுகிறாள் என்று புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"நான் வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டேங்க."

"ஞாயித்துக்கிழம சொல்றேன்னு சொன்னேனே."

"சொன்னீங்க. என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும்னு நெனச்சேன். எத்தன ஞாயித்துக்கிழம கேட்டிருக்கேன். உன் இஷ்டம், உன் இஷ்டம், உன் இஷ்டம். இதையும் அப்படித்தான் சொல்லப்போறீங்க, அத ஒரு தடவ காதால வேற கேக்கணுமான்னு போட்டுட்டேன்."

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை. ஏழாம் அறையும் நாலு, நாலு, நாலு என்ற அந்தக் கட்டங்களும் சுருட்டையின் முகமும்தான் முன்னால் வந்து நின்றன. எண்பது வாரம் ஒரே எண்ணைக் காட்டிய வெப்பமானியை எண்பத்தோராவது வாரமும் கதவைத் திறந்து பார்க்கச் சொல்லி யாரைக் கேட்பது. அவள் பார்க்காமல் எழுதிவிட்டாள். எழுதவைத்தது இவர்தான். வெட்கத்தில் காது மடல் சுட்டது.

"எத்தன நாளைக்கு?"

"ஒரு வருஷம். நாளைலேர்ந்து."

"சந்தோஷமா இருக்கியா?"

"நேத்து வரைக்கும் இருந்தேன்" என்றாள்.

சாதாரணமாக இந்த இடத்தில் 'சரி' என்று சொல்லிப் போனை வைத்திருப்பார். அன்று வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. பின்னால் குழந்தை எதையோ தரையில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தது. அந்த நோட்டில் இன்னும் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். தினமும் நல்லது மூன்று, காரணத்தோடு எழுதவேண்டும் என்று ஆலோசகர் சொன்னதைச் சொல்லிவிட்டு, அவர் முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். நல்லது இல்லை, காரணம் இல்லை என்று ஏழு நாளையும் ஒன்றுவிடாமல் வாசித்தார். ஆப்பிள் வாசனைக்கு அவளும் சிரித்தாள். கையசைத்த குழந்தைக்கு, "உங்களத்தாங்க பாத்து அசைச்சிருக்கும்" என்றாள். நடுவில் மகள் வந்து, "யாரும்மா இவ்ளோ நேரமா?" என்று கேட்டதும், "அப்பாதான்" என்று இவள் சொன்னதும், "அப்பாவா?" என்று மகள் நம்பாமல் கேட்டதும் அவருக்குக் கேட்டன.

ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் வந்தது. முதல் இரண்டு வரிகளை வாசித்து நிறுத்திக்கொண்டார்.

"மூணு எழுதணும்னு சொன்னீங்களே. மூணாவது என்ன?"

"வருகிறேன் என்றாள்னு எழுதியிருக்கேன்."

"அதுக்குக் காரணம் என்னன்னு போட்டிருக்கீங்க?"

"ஒண்ணும் போடல. எனக்குக் கெடைக்கல."

"எனக்கும் யோசிக்கணும்" என்றாள். குரல் மென்மையாகத்தான் இருந்தது. அவளும் இல்லாததைச் சொல்கிறவள் இல்லை.

அவர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "நாளைக்குப் பேசலாமா?" என்று கேட்டார்.

"நாளைக்குத் திங்கக்கிழமையாச்சே."

"தெரியும். உனக்கு மொத நாள் வேலை எப்படி இருந்துச்சுன்னு கேக்கணும்."

"நீங்க கூப்பிடுவீங்களா? நான் இல்லாம, நீங்களா?"

"நானா கூப்பிடறேன்."

"ஆறு மணிக்கு மேல கூப்பிடுங்க. அதுக்கு முன்னாடி பிள்ளைங்க போகாது."

போனை வைத்தபிறகு அவர் அழுதார். பக்கத்தில் யாரும் இல்லாததால் முகத்தை மூடிக்கொள்ளவும் தோன்றவில்லை. அழுது முடித்து, எழுந்து, முகம் கழுவிக்கொண்டு வந்து கடிகாரத்தைப் பார்த்தார். பதினொரு மணி. நாளை சாயங்காலம் ஆறு மணிக்கு இன்னும் முப்பத்தொரு மணி நேரம் இருந்தது.